கையைக் கட்டுங்க சார்

நான் பந்து வீசிய காலம் முழுக்க என்னைக் கடைசி ஓவருக்குத்தான் கூப்பிடுவார்கள். அதுவரை எல்லைக்கோட்டில் வெயிலில் காய்ந்தபடி விரல்களை நெட்டி முறித்துக்கொண்டிருப்பேன். முழங்கால் போய்ப் பயிற்சியாளர் ஆனதும், இனி நிம்மதியாக உட்காரலாம் என்று எவனோ சொன்னான். அவன் ஒரு நாளும் பயிற்சியாளராக இருந்திருக்க மாட்டான். பந்தாவது கையில் இருந்தால் தேவலை.

போன மாதம் திண்டுக்கல்லில் எங்கள் பெண்கள் அணிக்கு ஒரு ஆட்டம். கடைசி ஓவரை எரியோட்டிலிருந்து வரும் பெண் போட்டாள். எந்தெந்தப் பந்தை மெதுவாகப் போடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். நான் அவளுக்கு நேர் பின்னால், கோட்டுக்கு வெளியே, அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன். மெதுவாகப் போட்ட இரண்டு பந்தையும் எதிரணிக்காரி காத்திருந்து சிக்ஸர் அடித்தாள்.

அடுத்த பந்துக்காகத் திரும்பி நடந்து வந்தவள் என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"சார், கையைக் கட்டுங்க! நான் போடப்போறத நீங்க விரல்ல மடக்கிக் காட்டுறீங்க. அதைப் பாத்துத்தான் அவ அடிக்கிறா."

கட்டிக்கொண்டேன்.

கடைசிப் பந்தில் அவர்களுக்கு நாலு ரன் வேண்டும். அதுவும் மெதுவான பந்து என்றுதான் பேச்சு. அவள் ஓடத் தொடங்கியதும் என் கை தானாக அவிழ்ந்து விரல்களை மடக்கியது. எதிரணிக்காரி பார்த்துவிட்டாள், அவசரப்படாமல் மட்டையைத் தூக்கினாள். வந்ததோ வேகமான யார்க்கர். நடு ஸ்டம்ப் பறந்தது.

"மன்னிச்சுக்க தாயி, கை சொன்னபடி கேக்கல" என்றேன்.

"கேக்காதுன்னு தெரியும் சார். அதை நம்பித்தான மாத்திப் போட்டேன்."