பூண்டுக் கட்டோடு போன பட்டாளத்துக் கடிதங்கள்

போன வாரம் கடையில் பூண்டு வாங்கினேன். வலைப்பைக்குள் வெள்ளைவெளேரென்று இருந்தது. மூக்கில் வைத்து உறிஞ்சினாலும் வாசனை இல்லை. பூண்டா இது? எனக்கு இப்படிக் கோபம் வருவதே வேடிக்கைதான். முதல் வேலையில் கொடைக்கானல் மேல்மலைக் கிராமம் ஒன்றுக்கு டீச்சராகப் போனபோது, பூண்டு நெடி தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சோறு இறங்காமல் கிடந்தவள் நான்.

குடியிருந்தது முத்துலட்சுமி வீட்டில். என் வயதுதான் அவளுக்கும். புருஷன் பரமசிவம் பட்டாளத்தில், வடக்கே எல்லையில். மேல்மலையில் பூண்டைத் தாளோடு, அதாவது தண்டை அறுக்காமல், கட்டுக் கட்டாய்க் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். புகை பட்டால் கெடாது. கடிதத்துக்கும் அதுதான் பத்திரமான இடம் என்பது அவள் கணக்கு. அவன் கடிதம் வந்தால் படித்துவிட்டு ஒரு கட்டுக்குள் செருகிவிடுவாள். அவள் எழுதப்போகிற காகிதமும் அங்கேதான் இருக்கும்.

"ஒன் கடுதாசியப் பிரிச்சா கூடாரமே மூக்க உறிஞ்சுது. என்னடா ஒங்க வீட்டுச் சமையல்னு கேக்குறானுக" என்று அவன் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த வருஷம் எல்லையில் சண்டை மூண்டது. கடிதம் நின்றுபோனது. ரேடியோவில் செய்தி வந்தால் அடுப்பு ஊதுவதைக்கூட நிறுத்திவிடுவாள். பழைய கடிதங்களை எடுத்து எடுத்துப் படித்தாள். அவனுடையது என்று கையில் இருந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் வெள்ளனே பூண்டு வியாபாரியின் ஜீப் வந்து நின்றது. காது ரேடியோவில் இருக்க, தொங்கிய கட்டுகளை எல்லாம் இறக்கிக் கொடுத்துவிட்டாள். ஜீப் மலை இறங்கிய பிறகுதான் உள்ளே செருகிய கடிதங்களின் நினைவு வந்தது. அம்மாடி, அவள் போட்ட கூச்சல்!

"என் கையாலயே அவர வித்துட்டேனே டீச்சர்!"

சரக்கு போனது கீழே வடுகபட்டி மண்டிக்கு. அங்கே எத்தனை ஊர்ப் பூண்டு குவிந்து கிடக்கும்! ஆசையை விட்டுவிட்டோம்.

அடுத்த நடைக்கு வந்த ஜீப் டிரைவர் ஒரு மஞ்சள் பையை நீட்டினார். உள்ளே கடிதங்கள் அத்தனையும்.

"மண்டியில தாள் அறுக்குற பொம்பளைக குடுத்துவிட்டாங்கம்மா. ஒண்ணு அகப்படவும், மலைச் சரக்கு மொத்தத்தையும் பிரிச்சுப் பாத்துட்டாளுக. படிச்சும்புட்டாளுக, கோவிச்சுக்காத. தம்பிகிட்டருந்து தகவல் வந்தா வெரசா சொல்லி விடணுமாம். அதுவரைக்கும் சோலி ஓடாதாம்."

கோபம் எங்கே வருகிறது? பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் ஜீப் வரும்போதெல்லாம் டிரைவர் இறங்கும் முன்பே "வந்துச்சா?" என்பார். இவள் இல்லையென்று தலையாட்டுவாள்.

ஒருவழியாக வந்தது. வலது தோளில் காயம், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், உயிருக்கு ஒன்றுமில்லை என்று இடது கையால் கோணல்மாணலாக எழுதியிருந்தான். படித்த கையோடு கிளம்பிவிட்டாள்; துணைக்கு நானும். மலை இறங்கி, மண்டிக்குள் நுழைந்து, கடிதத்தைத் தூக்கிக் காட்டினாள். பூண்டுச் சருகு ஒட்டிய கைகளோடு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள் அந்தப் பெண்கள். அவர்கள் பேர்கூட எனக்குத் தெரியாது. இன்றைக்கும் நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இப்போது முத்துலட்சுமியின் மகன் பட்டாளத்தில் இருக்கிறான். தினமும் செல்போனில் முகம் பார்க்கிறாள், நல்லதுதான். சமீபத்தில் சில நாள் அழைப்பு வரவில்லை என்று தவித்துப்போய் என்னிடம் பேசினாள்.

"அப்ப அவருக்காக ஒரு மண்டியே காத்துக் கெடந்துச்சு டீச்சர். இப்ப இவனுக்கு நான் ஒருத்திதான்."