ஃப்ரிட்ஜில் இரண்டு வண்டுகள்

சீ! இருபத்திரண்டு வருடமாக என் ஃப்ரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் செத்த வண்டுகள் குடியிருக்கின்றன. என் வீட்டுக்காரருக்கு மரங்களைத் தாக்கும் பூச்சிகளைப் பரிசோதிக்கிற உத்தியோகம். ஊரே அவரைப் ‘பூச்சி சார்’ என்கிறது. எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ! கல்யாணமான புதிதில், “கொஞ்சம் பாரேன், எவ்ளோ அழகு” என்று லென்ஸை நீட்டினார். குமட்டிக்கொண்டு ஓடினேன். ஆனால் ஒன்று, ரிப்போர்ட்டை மாற்றச் சொல்லி எவன் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுவார். அந்தப் பெருமையில்தான் இந்தக் கண்றாவியைப் பொறுத்துக்கொண்டேன்.

போன வாரம் என் தம்பியின் மரத்தோட்டத்தில் நீளக்கொம்பு வண்டு ஒன்று கிடைத்தது. இதில் இரண்டு ஜாதி. இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் உடம்பைவிட நீளமான கொம்பு. கழுத்துக்குக் கீழே, இறக்கைகள் சேரும் இடத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால் அது செத்த கட்டையைத் தின்கிற சாது. புள்ளி இல்லாவிட்டால் பச்சை மரத்தைக் குடைகிற சனியன். தோட்டத்தையே வெட்டி எரிக்க வேண்டும். இல்லையென்றால் ஊர் மரங்களுக்கெல்லாம் பரவிவிடும்.

“புள்ளி இருக்கு. கட்டை திங்கிறதுதான்” என்றார் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்பாடா, தம்பி பிழைத்தான் என்றிருந்தது.

நேற்று ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது டப்பா கைதவறி விழுந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த, காய்ந்துபோன பழைய சாது வண்டும், தம்பி தோட்டத்து வண்டும் தரையில் கிடந்தன. ஐயோ, தொட வேண்டியதாயிற்று. உடம்பெல்லாம் கூச ஈரக்கையால் எடுத்தேன். தோட்டத்து வண்டின் புள்ளி பெயர்ந்து என் நகத்தில் ஒட்டிக்கொண்டது. பழையதைச் சுரண்டிப் பார்த்தேன்; அதன் புள்ளி அசையவில்லை. அவர் மேசையில், எழுத்துப் பிழை அழிக்கிற ஒயிட்னர் மூடி திறந்தபடி கிடந்தது.

வண்டை உள்ளங்கையில் வைத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“த்தூ! என்னங்க இது? இதுக்குத்தான் இத்தனை வருஷம் இந்தக் கருமத்தச் சகிச்சேனா?”

அவர் நிமிரவில்லை. “‘என் தம்பி நடுத்தெருவுக்கு வந்துடுவான், ஏதாவது பண்ணுங்க’ன்னு அழுதது யாரு?”

நான்தான். ஏதாவது என்றால் என்னவென்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. வண்டைவிட என்மேல்தான் இப்போது அருவருப்பு அதிகமாக இருந்தது.

“நாளைக்குப் போற ரிப்போர்ட்டக் கிழிங்க. தம்பிகிட்ட நானே சொல்றேன்.”

போனை எடுத்ததுமே, “அக்கா! மாமாவுக்கு ஒரு பெரிய கும்புடு சொல்லுக்கா” என்று சிரித்தான் தம்பி. வண்டு இன்னும் என் கையில்தான் இருந்தது.