மையை விழுங்கிய உயிர்கள்

ஒரு குழந்தை தன் காதில் விழுந்த சொல்லை எவ்வளவு நாள் உள்ளே வைத்திருக்கும்? நேற்றிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மகளுக்கு மூன்று வயது. மழை விட்ட பிறகு வாசற்படியில் உட்கார்ந்து பொம்மைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். பொம்மை வாய் திறக்கவில்லை போல. "உன்னாலதான்டி என் வேலையே போச்சு" என்றாள். அப்படியே என் குரல். மூன்று வாரத்துக்கு முன் காய்ச்சலில் அவள் மருந்தைத் துப்பியபோது நான் சொன்னது. ஒரு தடவைதான் சொன்னேன். ஒரு தடவைதானா என்று இப்போது சந்தேகமாகவும் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டிலிருந்து நனைந்த வைக்கோல் வாடை வந்தது. எங்கள் வேங்கிக்காலில் இத்தனை புது வீடுகளுக்கு நடுவில் இன்னும் ஒரு மாடு இருக்கிறது, பாருங்கள். அந்த வாடை என்னைக் கல்லூரி ஆய்வகத்துக்கே கொண்டுபோய் விட்டது.

இவள் பிறந்தபோது நான் விட்ட வேலை அங்கேதான். செய்முறை வகுப்புக்கு நானும் நூர்ஜஹானும் உதவியாளர்கள். அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வைக்கோல் கொண்டுவந்து குளத்துத் தண்ணீரில் ஊறப்போடுவோம். நாலைந்து நாளில் நாற்றம் தாங்காது. ஆனால் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பாரமீசியம் நீந்தும். ஒற்றைச் செல் உயிர், செருப்பு வடிவம். சிவப்புச் சாயம் ஏற்றிய ஈஸ்டைக் கொடுத்தால் விழுங்கும். உள்ளே சின்னச் சின்னப் பைகளில் அது நீலமாக மாறும். செரிக்கிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் சாயம் ஏற்ற மறந்துவிட்டேன். மாணவிகள் வந்து நிற்கிறார்கள், நான் அலமாரியைக் குடைந்துகொண்டிருக்கிறேன்.

"இன்னாடி இப்போ? லேபிள் எழுதுற கறுப்பு மை இருக்குதுல்ல, அதுல ஒரு சொட்டு வுடு" என்றாள் நூர்.

விட்டேன். மையையும் விழுங்கின. உடம்பெல்லாம் கறுப்புப் பைகள்.

"மையைக் கூடவா முழுங்கும்? அறிவே இல்லையா இதுக்கு?" என்றேன்.

"முழுங்கறப்போ ஜாஸ்தி பாக்காதுடி. உள்ள போனப்புறம்தான் பிரிக்கும். வேணாம்னா வெளிய தள்ளிடும், இரு."

கொஞ்ச நேரத்தில் கறுப்புத் துகள்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளின. மாணவிகள் கைதட்டினார்கள். துறைத் தலைவர் மட்டும் எட்டிப் பார்த்து, "உன்ன நம்பி ஒரு வேலை குடுக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் அழுதேன்.

"நீ அந்தப் பூச்சிய வுட மோசம்டி. எதையும் வெளிய தள்ள மாட்டேங்கற" என்று சிரித்தாள் நூர்.

நிஜம்தான். இன்றும் அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் அந்த மனிதரின் குரல்தான் கேட்கிறது.

இப்போது அங்கே வைக்கோல் ஜாடிகள் இல்லையாம். திரையில் வீடியோ போட்டுக் காட்டிவிடுகிறார்களாம். நூர் கல்யாணமாகி ஆம்பூர் போனாள். அவளுடைய பழைய நம்பரில் யாரோ ஒருவர் "ராங் நம்பர்" என்கிறார். இல்லாவிட்டால் அவளிடமே கேட்டிருப்பேன்.

பொம்மையிடம் சொன்னதோடு என் மகள் அந்தச் சொல்லை வெளியே தள்ளிவிட்டாளா, இல்லை என்னைப் போல வைத்துக்கொண்டுவிட்டாளா? குழந்தையிடம் இப்படி வாய் தவறியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மடியில் உட்காரவைத்து, "அம்மா தப்பா சொல்லிட்டேன்டா" என்றீர்களா, பேசாமல் விட்டீர்களா? அவள் மறந்திருந்தால், நானே போய் ஞாபகப்படுத்தி இன்னொரு சொட்டு மையை விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.