பேருக்குப் பக்கத்தில் நான்கு எண்கள்

ஆரணி பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக் கல்லாவில் குணசுந்தரி உட்கார்ந்து பதினோரு வருடம் ஆகிறது. ஒரு பைசாவுக்குக்கூட அவள்மேல் பழி வந்ததில்லை. கார்டை முதலில் வங்கி மெஷினில் தேய்ப்பாள். பிறகு கீபோர்டின் ஓரத்துப் பள்ளத்தில் இன்னொரு தரம் தேய்ப்பாள். கார்டின் விவரம் கடைக் கம்ப்யூட்டரில் பதிவாகிவிடும்; பில்லுக்கு வேண்டும் என்பார் முதலாளி சக்கரவர்த்தி. இரண்டாம் தரம் தேய்க்கக் கூடாதென்று வங்கி சொல்லியிருந்தது. யார் கேட்டார்கள்?

வயதானவர்கள் அவளையே அழுத்தச் சொல்லி, கார்டின் ரகசிய எண்ணைக் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வார்கள். வாடிக்கையாக வரும் அமலோற்பவம் டீச்சருக்கோ வகுப்பறைக் குரல். குணசுந்தரிக்கு மனசு பதறும். யாரும் இனிமேல் கத்த வேண்டாமென்று, கம்ப்யூட்டரில் அவரவர் பேருக்குப் பக்கத்திலேயே எண்ணையும் ஏற்றிவைத்தாள். பாவி, நல்ல மனசில் பாதியாவது புத்தி இருந்திருக்கலாம்.

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த சுதாகர் அத்தனையையும் நகலெடுத்துக்கொண்டு போனான். கார்டின் கறுப்புக் கோட்டில் இருப்பது என்றைக்கும் மாறாத விவரம். வெற்றுக் கார்டில் அதை ஏற்றினால் அதுவும் டீச்சருடைய கார்டுதான். கணவரின் பைபாஸ் ஆபரேஷனுக்கு டீச்சர் வைத்திருந்த மூன்று லட்சமும் பத்தே நாளில் வேலூர் ஏடிஎம்களில் கரைந்தது. சுதாகர் பிடிபட்டான், எண்ணைக் கடையில் காதால் கேட்டதாகச் சொன்னான்; பணம் திரும்பவில்லை. ஆபரேஷன் தள்ளிப்போய், அந்த மனிதர் இறந்தே போனார்.

"ஊருக்கே கேக்கற மாதிரி நம்பரைச் சொன்னா வேற இன்னா ஆவும்?" என்று கடைக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர் டீச்சரைத்தான் திட்டினார். பக்கத்தில் நின்ற குணசுந்தரி கல்லாவுக்குப் போய் அடுத்த கார்டைத் தேய்த்தாள்.

கணவரின் முப்பதாம் நாள் பூசைக்கு வெள்ளைப் புடவை எடுக்க டீச்சர் வந்தார். புதுக் கார்டை நீட்டினார்.

"தேய்க்கத் தேய்க்க இந்தக் கோட்டுல இருக்கறது மாறிகினே இருக்குமாம். காப்பி அடிச்சாலும் அடுத்த தடவைக்கு ஆவாதாம். பேங்க்ல முன்னாடியே குடுத்திருக்கக் கூடாதா?"

பிறகு மேஜைமேல் சாய்ந்து கிசுகிசுத்தார். "நம்பர் சொல்றேன், நீயே போடும்மா. இப்பல்லாம் நான் கத்தறதில்ல. என் குரல்தானே அவரைக் கொன்னுச்சு."

உண்மையைச் சொன்னால் குணசுந்தரிக்கு வேலை போகும், பேர் போகும். சொல்லாவிட்டால் இந்த அம்மாள் சாகும்வரை தன்னையே பழித்துக்கொண்டிருப்பார்.

"சொல்லாதீங்க டீச்சர். உங்க பழைய நம்பரை இந்தக் கம்ப்யூட்டர்ல போட்டு வச்சது நான்தான். அவன் இதுலேர்ந்துதான் எடுத்தான். உங்க குரலால இல்லீங்க."

டீச்சர் மெஷினைத் தன் பக்கம் இழுத்து, இடது கையால் மறைத்துக்கொண்டு, நான்கு எண்களையும் தானே அழுத்தினார்.