பலகையில் கொட்டிய பச்சை

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்த வயதில் நான் மரத்தில் பொம்மை பஸ் செய்துகொண்டிருந்தேன். பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நான் எனக்காகத்தான் செய்தேன். இதை எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தால்தான் பஸ் வரும் ரோடு. புளி விற்க ஆலங்காயம் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்ப்பேன். ஏறுகிறதைவிடப் பார்க்கிறதுதான் எனக்குப் பிடிக்கும். வீட்டுக்கு வந்து முள்முருங்கைக் கட்டையை எடுத்து, பார்த்ததைச் செதுக்குவேன். ஜன்னல், படி, மேலே மூட்டை போடும் கம்பி எல்லாம் வைப்பேன். செய்து முடித்ததைச் சாமைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். அப்படி மூன்று பஸ் இருந்தது என் மனைவிக்கே தெரியாது.

நாலாவது பஸ்ஸுக்குத்தான் பெயிண்ட் வாங்கினேன். பச்சை இனாமல், கைக்கு அடக்கமான சின்ன டப்பா. கடைக்காரர், "மாட்டுக் கொம்புக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஆடி மாசத்துல இன்னாய்யா கொம்புக்கு?" என்று சிரித்தார். டப்பாவை மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெயிண்ட் அடிக்க சமமான இடம் வேண்டும். எங்கள் வீட்டுத் தரை மண்தரை. ஊதினால் தூசி எழும்பும், ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் சமமாக இருந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அது எங்களுடையது அல்ல.

எங்கள் ஊருக்குப் பொதுவில் ஒரு கல்யாணப் பலகை உண்டு. ஒரே பலாமரத்தில் அறுத்தது. நாலு குட்டைக் கால்கள், இரண்டு பேர் உட்காரும் நீளம். ஊரில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும் பெண்ணும் மாப்பிள்ளையும் அதில்தான் உட்கார வேண்டும். கல்யாணம் முடிந்த வீட்டிலேயே பலகை இருக்கும். அடுத்த கல்யாணம் எந்த வீட்டில் நடக்கிறதோ அந்த வீட்டுக்கு அங்கிருந்து போகும். நடுவில் வேறு வீட்டில் வைக்கக்கூடாது என்பது ஊர்க்கட்டு.

கடைசியாகக் கல்யாணம் நடந்தது எங்களுக்கு அடுத்த வீட்டில். அந்த வீட்டு அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன், உறவுமுறையில் தூரத்து அக்கா. கல்யாணமானது அவர் மகளுக்கு. புருஷனின் அடி தாங்காமல் அவள் நாலு மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். எங்கள் ஜனத்தில் அது பெரிய குற்றமில்லை, மறுபடி கட்டிக்கொடுக்கலாம். பக்கத்து மலை ஊரிலிருந்து ஒரு வீட்டார் பெண் கேட்டு வருவதாகச் சொல்லியும் அனுப்பியிருந்தார்கள். அக்கா அதையே நினைத்துக்கொண்டு இருந்தார்.

அந்த ஆடி மழையில் அக்கா வீட்டுக் கூரை ஒழுகியது. பலகை நனைந்துவிடும் என்று, யாருக்கும் சொல்லாமல் அதை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். "ஊருக்குத் தெரிஞ்சா கட்டு மீறிட்டேன்னு பேசுவாங்க தம்பி. நீ பாத்துக்க" என்றார். நான் தலையாட்டினேன்.

அந்தப் பலகையின் மேல் வைத்துத்தான் பஸ்ஸுக்குப் பச்சை அடித்தேன். மனைவி களையெடுக்கப் போயிருந்தாள். ஒரு பக்கம் அடித்து முடித்தபோது வாசலில் அவள் குரல் கேட்டது. மழை வந்ததால் சீக்கிரம் திரும்பிவிட்டாள். பஸ்ஸை ஒளிக்கும் அவசரத்தில் முழங்கை பட்டு டப்பா சாய்ந்தது. பலகையின் நடுவில், பெண் உட்காரும் பக்கமாக, ஒரு கை அகலத்துக்குப் பச்சை ஓடியது.

கட்டியிருந்த துண்டால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அகலமானது. ஒரு கோணியைப் போட்டு மூடினேன்.

மறுநாள் அவள் களையெடுக்கக் கொல்லைக்குப் போனதும் விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை ஊற்றித் தேய்த்தேன். மேலே இருந்த பெயிண்ட் வந்துவிட்டது. மரத்தின் ரேகைக்குள் இறங்கின பச்சை வரவில்லை. பலாமரத்தின் மஞ்சளில் பாசி படிந்தாற்போல் இருந்தது.

"இன்னா வூடெல்லாம் மண்ணெண்ணெய் நாத்தம்?" என்றாள் மனைவி.

"விளக்கு சாஞ்சிட்ச்சி."

"பகல்ல இன்னாத்துக்கு விளக்கு கொளுத்தின?"

நான் மாட்டைப் பார்க்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

பச்சையை அப்படியே விட்டிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. என்னால் விடமுடியவில்லை. எங்கள் வீடுகளில் எது கறைபட்டாலும் புளிதான். சொம்பும் விளக்கும் புளி போட்டால் பளிச்சென்று ஆகும். நானும் ஒரு கை புளியைக் கரைத்துப் பலகையில் பூசி, அரிவாளின் வாயால் அழுத்திச் சுரண்டினேன். பச்சை போனது. உள்ளே வெளிர்மஞ்சளாகப் புது மரம் தெரிந்தது. மனசு நிறைந்து, ஈரத்தோடு கோணியைப் போட்டு மூடிவிட்டுப் படுத்தேன்.

காலையில் பார்த்தால் அந்த இடம் கருத்திருந்தது, அமாவாசை மாதிரி. இரும்பும் புளியும் மரமும் ஈரத்தில் சேர்ந்தால் கருக்கும். அது எனக்குத் தெரியாததா? வருஷா வருஷம் கடுக்காய் பொறுக்கி வெட்டுகிறவன் நான். அரிவாளில் கடுக்காய்ச் சாறு பட்டு விரலெல்லாம் கருத்து, பத்து நாள் கருப்பு போகாமல் அந்தக் கையாலேயே சோறு தின்றவன். தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் நினைவு வரவில்லை.

பிறகு ஒருநாள், யாருக்கோ கேட்கிற மாதிரி ஆலங்காயத்தில் ஒரு தச்சரிடம் கேட்டேன். பெயிண்டைக் காயவிட்டு, உடைந்த கண்ணாடிச் சில்லால் மரத்தின் ரேகையோடு மெல்லச் சுரண்டி, கொஞ்சம் டர்பன்டைன் வைத்துத் துடைத்தால் போதும் என்றார். அவ்வளவு சின்ன வேலை.

அந்தக் கருப்பின் மேல் மஞ்சளை அரைத்து எண்ணெயில் குழைத்துப் பூசினேன். காய்ந்ததும் ஓரளவு மறைந்தது. ஆடி முடிகிற சமயம் அது. இரண்டு நாளில், ஆவணி பிறந்ததும், ஊரில் ஒரு கல்யாணம் இருந்தது. பலகையைக் கேட்டு அக்கா வீட்டுக்கு வருவார்கள். அதற்குள் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டேன். அக்கா அடுப்படியில் இருந்தார். "அந்தச் சுவத்துல சாத்திட்டுப் போ தம்பி" என்றார். மேல்பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாத்திவிட்டு வந்தேன்.

கல்யாணத்தன்று காலையில் பலகையை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவுவது வழக்கம். அது எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன், நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். பெண்கள் தேய்த்துக் கழுவியதும் என் மஞ்சள் தண்ணீரோடு போய்விட்டது.

"அடியே, இன்னாடி இம்மாம் பெரிய கருப்பு!"

"யார் வூட்ல இருந்துச்சி?"

"போன கல்யாணம் யார் வூட்ல? அங்கதான்."

"அதானே பாத்தேன். இதுல உக்காந்து எழுந்தவ வாழ்ந்த லட்சணந்தான் ஊருக்கே தெரியுமே. பலகைக்கும் தெரிஞ்சிட்ச்சி."

இதைச் சொன்னது மாப்பிள்ளை வீட்டுப் பெண். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அக்காவின் மகள் அங்கேதான் வெற்றிலைத் தட்டோடு நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஊர்க்கவுண்டர் வந்து பார்த்தார். "இன்னாம்மா, ஊர்ச்சொத்து. இன்னா பண்ணி வச்சிருக்க?" என்று அக்காவைக் கேட்டார்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க."

சொல்லிக்கொண்டே அக்கா கூட்டத்தைப் பார்த்தார். பார்வை என்னிடம் வந்து நின்றது. நான் தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துக்கொண்டிருந்தேன். குனிந்து குடத்துத் தண்ணீரையே பார்த்தேன். அதில் ஒரு வைக்கோல் துரும்பு மிதந்தது. அதை எடுக்கிற மாதிரி ரொம்ப நேரம் குனிந்திருந்தேன்.

ஊர்ச்சொத்தைக் கெடுத்தவர்கள் ஊர் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும். அக்கா விழுந்தார். நரைத்த தலை, ஈர மண். எழுந்தபோது நெற்றியிலும் மூக்கிலும் சேறு ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே நடந்து போனார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் மடித்த கம்பளியில் உட்காரவைத்துத் தாலி கட்டினார்கள். நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதுவும் எழுதத்தான் வேண்டும். இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்று நாள் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் போய், வாசலில் நின்றபடி பஸ், பெயிண்ட், புளி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கேழ்வரகு புடைப்பதை நிறுத்தவில்லை.

"எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? எனக்குத் தெரியாததையா சொல்ற? கழுவறப்பவே மண்ணெண்ணெய் நாத்தம் வந்திச்சி."

"அப்ப ஊர்ல ஏங்க்கா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

உள்ளேயிருந்து மகள், "அம்மா, அவரைப் போகச் சொல்லு" என்றாள்.

அன்று சாயங்காலமே பஸ்ஸை எடுத்துக்கொண்டு ஊர்க்கவுண்டரிடம் போனேன். நாலு பேர் கூடியிருக்கும்போது பேசிப் பழக்கமில்லாதவன் நான். ஐந்தாவது வரை படித்ததில் வாத்தியார் கேட்ட கேள்விக்கு ஒருமுறைகூட எழுந்து பதில் சொன்னதில்லை. அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். சொல்லிமுடித்ததும் ஊர்க்கவுண்டர் பஸ்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. புள்ளைங்களுக்கா?"

"இல்லீங்க. எனக்குத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். "டிரைவரு, கண்டக்டரு எல்லாம் நீதானா?" என்று ஒருவன் கேட்டான். அன்று முதல் எனக்கு ஊரில் பஸ்காரன் என்றுதான் பேர். நானும் விழுந்து கும்பிட்டேன். "சரி எழுந்திரு" என்றவர், "அந்தம்மா விழுந்தது விழுந்ததுதான். அதை இன்னா பண்றது?" என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பெண் கேட்டு வருவதாகச் சொன்ன வீட்டார் வரவில்லை. பலகை கருத்த கதை கல்யாணத்துக்கு வந்தவர்களோடு அன்றைக்கே மலையைத் தாண்டிப் போயிருந்தது. நான் சொன்னது எங்கள் ஊரைத் தாண்டவில்லை. நான் விழுந்து கும்பிட்ட மறுநாள், ஊர்க்கவுண்டரிடம் கேட்டுப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த ஊருக்கு நடந்தேன். முன்பின் தெரியாத வீடு. பையனின் அப்பா களத்தில் சாமை உலர்த்திக்கொண்டிருந்தார். பலகையை இறக்கி, கவிழ்த்து, அடியில் காலோரம் வழிந்து காய்ந்திருந்த ஒரு சொட்டுப் பச்சையைக் காட்டினேன். திக்கித் திக்கி நடந்ததைச் சொன்னேன். அவர் நகத்தால் அந்தச் சொட்டைக் கீறிப் பார்த்தார்.

"ஆமா, பெயிண்ட்டுதான்" என்றார். நகத்தைத் துடைத்துக்கொண்டே, "முந்தாநாள் வந்திருந்தீங்கன்னா சரி. நேத்துதான் வேற எடத்துல வாக்கு குடுத்துட்டோம்" என்றார். குடிக்க மோர் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

திரும்பி வரும் வழி முழுவதும் நாட்களை எண்ணிக்கொண்டே வந்தேன். முந்தாநாள் நான் என் வீட்டில்தான் இருந்தேன். மாட்டுக் கயிறு திரித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவிடம் இதையும் போய்ச் சொன்னேன். "உம்" என்றார். அவ்வளவுதான். மகளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகித்தான் ஓர் இடம் அமைந்தது. படவேட்டுப் பக்கம், மலைக்குக் கீழே. நினைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வரும் தூரமில்லை. அக்காவுக்கு அதில்தான் குறை.

என்னிடம் அவர் பேசாமல் இருந்ததில்லை. எதிரில் வந்தால், "இன்னா தம்பி, கொல்லைக்கா?" என்பார். எங்கள் வீட்டுக் காரியங்களுக்கு வருவார், சாப்பிடுவார். ஆனால் மழைக்காலம் வந்து கூரை ஒழுகினால் விதைக் கேழ்வரகு மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போவார். நாலு வீடு தள்ளி ஒரு வீட்டில் அதை வைத்துவிட்டு, நனைந்தபடி திரும்பி வருவார். எங்கள் வீட்டில் அப்போதும் இடம் இருந்தது. வைத்துவிட்டுப் போங்கள் என்று நான் கேட்டதில்லை.