மாமனாருக்குச் செய்த நாற்காலி

கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் என் மாமனார் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கோபமொன்றும் இல்லை. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவர். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவருக்கு இப்போது முட்டி இரண்டும் மடங்க மறுத்தன. மூத்த மகள் வீட்டில் ஒரு முறை பாயில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல், சம்பந்தி வீட்டார் இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். அந்த வெட்கத்தில் அன்றோடு யார் வீட்டுக்கும் போவதை நிறுத்திவிட்டார். என் மனைவி இதற்காக அழமாட்டாள். பண்டிகை நாட்களில் மட்டும் பேச்சைக் குறைத்துக்கொள்வாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. தெருவிலேயே இரண்டு வீட்டில்தான் இருந்தது.

"பக்கத்து வூட்ல கேட்டு வாங்கிப் போடலாமே" என்றாள் அவள்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "இரவல் நாற்காலியிலயா எங்க மாமாவ ஒக்கார வெக்கிறது? நானே செய்றேன்."

அதுவரை நான் ஓர் ஆணியைக்கூட நேராக அடித்தவனில்லை. ஆனால் சொன்ன சூட்டிலேயே மாமனாருக்குக் கடுதாசியும் எழுதிப் போட்டேன். வீட்டில் நாற்காலி இருக்கிறது, வந்து தங்க வேண்டும் என்று. ஒரே வாரத்தில் பதில் வந்தது. 'நாற்காலி இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஆவணி பிறந்ததும் வருகிறேன்.' அந்தக் கார்டை என் மனைவி எத்தனை தடவை படித்தாளோ தெரியாது.

கொல்லையில் விறகு அடுக்கும் சார்ப்பைக் காலி செய்து பட்டறையாக்கினேன். வாலாஜாபேட்டைச் சந்தையில் பழைய ரம்பம், இழைப்புளி, இரண்டு உளி வாங்கினேன். அப்படியே மரவாடிக்குப் போனேன்.

"காஞ்ச கட்டையா, பச்சையா?" என்று கேட்டார் மரவாடிக்காரர்.

இதில் கேட்க என்ன இருக்கிறது? நான் ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் வேலை பார்த்தேன். ஆவாரம்பட்டைத் தொட்டியிலிருந்து வரும் தோலை மேஜையில் விரித்து, இழுத்து, சுருக்கமெடுப்பது என் வேலை. "ஈரம் போறதுக்குள்ள இழுத்துடு" என்று எங்கள் மேஸ்திரி நாள் முழுக்கக் கத்துவார். ஈரமாக இருக்கும்வரை தோல் சொன்ன பேச்சைக் கேட்கும். காய்ந்துவிட்டால் முரண்டு பிடிக்கும். மரம் மட்டும் வேறு ஜாதியா என்ன?

"பச்சையே குடுங்க."

"நாற்காலிக்கா?" என்று ஒரு மாதிரி பார்த்தார். நான் பெரிய ஆசாரி மாதிரி தலையை ஆட்டினேன்.

வேப்பங்கட்டை. ரம்பம் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. முதல் முறை இழைப்புளியைத் தள்ளி, அதன் வாயிலிருந்து ஒரு சுருள் உடையாமல் நீளமாக வெளியே வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தச் சுருளை மனைவியிடம் காட்ட அடுப்படிக்கு ஓடினேன். பகலெல்லாம் சுண்ணாம்பு நாற்றத்தில் கிடந்தவனுக்கு அந்த வேம்பு வாசனை போதையாக இருந்தது. டேனரி சங்கு ஊதினால் போதும், சைக்கிளை மிதித்துக்கொண்டு பறந்து வந்துவிடுவேன். கட்டை காய்ந்துவிடக் கூடாதென்று, வேலைக்குப் போகும்போது ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுப் போவேன். அவ்வளவு அக்கறை!

காலில் துளை போட்டு, சட்டத்தின் முனையைச் செதுக்கி நுழைத்து, அவர் பிடித்து எழுந்திருக்க இரண்டு கைப்பிடியும் வைத்தேன். நாலு காலும் கச்சிதமாகத் தரையில் நின்றன. என் மனைவியை உட்கார வைத்து நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நாலு நாள் காற்றுப் பட்டது. நாற்காலி தன் குணத்தைக் காட்டியது. ஒரு கால் உள்ளே முறுக்கிக்கொண்டது, இன்னொன்று மேலே எழும்பிவிட்டது. தொட்டால் டக்கு டக்கென்று ஆடியது. நனைத்தால் தோல் மாதிரி வழிக்கு வந்துவிடும் என்று இரண்டு குடம் தண்ணீரை ஊற்றினேன். மறுநாள் இன்னும் மோசம்.

"தறிக்கு வாங்குன கட்டைய எங்க நைனா வருஷக்கணக்குல நெழல்ல காயப் போட்டு வெப்பாரு" என்றாள் அவள்.

"அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க கேட்டீங்களா?"

சரி செய்யப் பொழுதில்லை. ஆவணி பிறந்துவிட்டது.

மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு வந்து கூடத்தில் நின்றார். நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார். கைப்பிடியைத் தடவினார். ஆனால் உட்காரவில்லை.

"ஒக்காருங்க மாமா."

"மாப்ள நிக்கசொல்ல நான் ஒக்கார்றதாவது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருப்பது ஒரே நாற்காலி. நான் சட்டென்று பாயில் உட்கார்ந்தேன். அது இன்னும் தப்பாகிவிட்டது.

"நீங்க கீழ, நான் மேலயா? நல்லாருக்குது போங்க" என்று தடியை வாசல் பக்கம் திருப்பினார். "பொண்ணக் கண்ணால பாத்தாச்சு. சாயங்கால வண்டிக்குக் கெளம்புறேன்."

காப்பியோடு வந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல், நாற்காலிமேல், என்மேல் எல்லாம் கோபம் பொங்கியது. அந்தக் கோபத்தில்தான் வாயில் வந்தது.

"மாமா, இது இன்னும் முடியல. ஆடுது. மேல ஆளு ஒக்காந்தாத்தான் எந்தக் கால் ஜாஸ்தின்னு தெரியும். எனக்கு வேலை நிக்குது. கொஞ்சம் ஒத்தாசையா ஒக்காருங்க."

மரியாதைக்கு உட்காராத மனுஷர் வேலை என்றதும் உட்கார்ந்தார். நான் தரையில் மல்லாந்து படுத்து, சாக்குக்கட்டியால் காலில் குறி போட்டேன்.

"இந்தப் பக்கம் ஒரு நூலு தூக்குது" என்றார் மேலிருந்து. நூல் கணக்கு அவருக்கா தெரியாது!

ஒன்றைச் செதுக்கினால் இன்னொன்று எழும்பும். அதைச் செதுக்கினால் முதலாவது. இரண்டு நாள் இதே கூத்து. நான் டேனரிக்குப் போன நேரமெல்லாம் அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காப்பி குடித்தார், மகளோடு ஊர்க்கதையெல்லாம் பேசினார். அவள் அவ்வளவு சிரித்து நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் காலையில், அவர் உட்கார்ந்திருக்கும்போதே கீழே படுத்து, ஒரு காகிதத்தை நாற்காலியின் ஒவ்வொரு காலுக்கடியிலும் நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. நாலும் இரும்பாக நின்றன. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. "மாமா" என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் தடியைத் தரையில் அழுத்தி, உடம்பை இடது பக்கம் சாய்த்தார். நாற்காலியின் வலது கால் மெல்ல மேலே எழும்பியது.

"இன்னும் ஆடுது மாப்ள" என்றார், சுவரைப் பார்த்தபடி.

அடுப்படிச் சத்தம் நின்றுவிட்டது. நான் சாக்குக்கட்டியை எடுத்து, நன்றாக இருந்த அந்தக் காலில் ஒரு குறி போட்டேன்.

"ஆமா மாமா, ரொம்பவே ஆடுது. இன்னும் ஒரு வாரமாவது ஆகும்."