பெருமாள் இல்லாத பரமபதம்

இன்று காலை குழாய்நீரில் பிளீச்சிங் பவுடர் நெடி மிகுந்திருந்தது. வெளுப்புத்தூள் என்று எழுதவே என் கை விரும்புகிறது. ஆயினும் அச்சொல்லில் அந்த நெடி இல்லை, நண்பரே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், கோடை முதிர்ந்து ஊருணி சேறாகும்போதெல்லாம் அருப்புக்கோட்டைத் தெருக்களில் இதே நெடி வீசும். வாந்திபேதி வந்துவிட்டது என்று அதற்குப் பொருள். நீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் தெருத்தெருவாகச் சொல்லி வந்தோம். என் செந்தமிழ்ச் சொற்பொழிவு முடியுமுன்னரே கூட்டம் கலைந்துவிடும்.

ஓவிய ஆசிரியன் சுந்தரம் நெசவாளர் வீட்டுப் பிள்ளை, என் தோழன். அவன் தங்கை ருக்மணி, தறிக்கு நூல்தார் சுற்றிக் களைத்தால் ஊருணிக்கு ஓடிக் கையால் அள்ளிக் குடிப்பாள்; கண்டித்தால் சிரிப்பாள். அவளுக்காகவே அவன் ஒரு துணியில் பரமபதம் வரைந்தான். காய்ச்சாத நீரைக் குடிக்கும் கட்டத்தில் பாம்பு. அடுப்பில் நீர் கொதிக்கும் கட்டத்தில் ஏணி. உச்சியில், வழக்கம்போல், பெருமாள்.

"சாமி எதுக்குடா இதுல?" என்றேன்.

"ஏலே, பெருமாள் இல்லாத பரமபதத்த எங்க தெருவுல எவன் தொடுவான்? வேணும்னா உன் இலக்கணத்த வரைஞ்சு வையி!"

பெருமாள் மிக அழகாக அமைந்துவிட்டார். மறுநாள் நான் அவன் வீட்டுக்குப் போனபோது துணி பூசைச் சுவரில் தொங்கியது. மூலைகளில் மஞ்சள், பாம்புகளின் தலையில் குங்குமம்.

"சாமியத் தரையில போட்டுத் தாயம் உருட்டச் சொல்றீகளே வாத்தியாரே, அடுக்குமா?" என்றார் சுந்தரத்தின் தாய். "வைகுண்ட ஏகாதசிக்கு எடுத்துத் தாரேன். அன்னைக்குத்தான ஆடணும்?"

"எனக்கு இப்பவே ஆடணும்மா" என்றாள் ருக்மணி. தாய் முறைத்தார்.

ஏகாதசி மார்கழியில். ருக்மணியைக் கோடையே கொண்டுபோயிற்று. காலையில் தார் சுற்றியவள் மாலையில் இல்லை.

 நெடுநாள் கழித்து அத்தாய் தாமே துணியை இறக்கி, "இவர அழிச்சிருடா" என்றார். சுந்தரம் உச்சிக் கட்டத்தில் வெள்ளை பூசினான். அவர் அதை வாசலில் விரித்துத் தெருப் பிள்ளைகளைக் கூட்டினார். காய் பாம்பில் சறுக்கும்போதெல்லாம் தாயக்கட்டையைப் பற்றிக்கொள்வார்.

"ஏன் இறங்குன? சொல்லு."

"காய்ச்சாத தண்ணி குடிச்சேன் அத்த."

விடை வந்த பின்னரே கட்டையைக் கொடுப்பார்.

அவ்வூருணி தூர்ந்து கடைகளாயிற்று. சுந்தரமும் அவன் தாயும் மறைந்தனர். துணி எவரிடம் போயிற்றோ. வாந்திபேதி என்றால் இன்றைய பிள்ளைகள் விழிக்கிறார்கள், அது நன்றே. ருக்மணி என்றொருத்தி அத்தெருவில் இருந்தாள் என்றாலும் அப்படியேதான் விழிக்கிறார்கள்.